வானம் பார்த்த பூமியில் ஏரி காத்த முன்னோர்

திருக்குறளில் கடவுள் வாழ்த்துக்கு அடுத்த அதிகாரமாக வான் சிறப்பு அமைந்துள்ளது. இறைவனைப் போற்றிய கையோடு மழையைப் போற்றும் இவ்வைப்பு முறைக்கு உரையாசிரியர்கள் பலவாறு விளக்கம் தருவர். நாள் தவறாமல் மழை பெய்யும் நாட்டில் இருந்துகொண்டு பார்ப்போருக்கு அது வெறும் புலவர் மரபாகத் தோன்றலாம். வானம் பார்த்த பூமியில் வாழ்ந்தோருக்கோ அது வாழ்வா சாவா என்னும் கணக்கு.

கோலாலம்பூரில் ஆண்டொன்றுக்குப் பெய்யும் மழை 2,400 மில்லிமீட்டருக்கும் மேலாகும். இராமநாதபுரத்துச் சீமையில் பெய்வது சுமார் 820 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சில நாள்களுக்குள் கொட்டித் தீர்த்துவிடும். எஞ்சிய மாதங்களில் வெயிலும் புழுதியுமே மிச்சம். தமிழ்நாட்டு அரசு ஊழியரிடையே 'தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றல்' என்றொரு வழக்கு உண்டு. மேலதிகாரியின் சினத்துக்கு ஆளானவரை அனுப்பிவைக்கும் இடம் என்று பொருள். அந்தக் காடு பெரும்பாலும் இராமநாதபுரமாகவே இருக்கும். கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் பல குடும்பங்களின் பூர்வீகம் அத்தகைய நிலங்களே: இராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டை, சேலம், வட ஆர்க்காடு. அந்நிலத்தில் நம் முன்னோர் எவ்வாறு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பயிர் செய்து, கோயில் கட்டி, விழா எடுத்து வாழ்ந்தனர் என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது.

விடை ஒரே சொல்லில் அடங்கும்: ஏரி. தொண்டை நாட்டில் ஏரி என்பதையே பாண்டி நாட்டில் கண்மாய் என்பர். சிறியதைத் தாங்கல் என்றும் ஏந்தல் என்றும் வழங்குவர். குடிநீருக்கென்றே அமைந்தது ஊருணி. குளம், மடை, ஏந்தல், ஊருணி என முடியும் ஊர்ப்பெயர்கள் அவ்வட்டாரத்தில் எண்ணிலடங்கா. தமிழ்நாட்டில் இன்றும் ஏறத்தாழ 39,000 ஏரிகளும் கண்மாய்களும் அரசுக் கணக்கில் உள்ளன.

இவற்றின் அமைப்பு நுட்பமானது. சரிவான நிலத்தின் குறுக்கே பிறை வடிவில் மண்கரை எழுப்புவர். மேட்டிலிருந்து மழைநீரைக் கொண்டுவருவது வரத்துக்கால். வயலுக்கு நீர் விடுவது மடை. நிரம்பிய பின் உபரிநீர் கரையை உடைக்காமல் வழிந்தோடுவதற்குக் கல்லால் ஆன கலிங்கு. ஓர் ஏரியின் கலிங்கில் வழியும் நீர் வீணாவதில்லை. அதுவே அடுத்த ஊர் ஏரியின் வரத்தாகும். இவ்வாறு ஒன்றன்கீழ் ஒன்றாகச் சங்கிலிபோல் பல ஏரிகள் பிணைந்து கிடக்கும். மேலூர்க்காரன் கலிங்கின் மட்டத்தைத் தன் விருப்பம்போல் உயர்த்தினால் கீழூர்க்காரன் பட்டினி கிடக்க நேரும். ஆகவே ஒவ்வொரு கல்லின் உயரமும் ஊருக்கு ஊர் வழக்கில் நின்றது. அதன் பொருட்டு அடிதடியும் நடந்தது.

பாண்டி நாட்டுக் கண்மாய்களின் உட்புறத்தே, கரையிலிருந்து சற்றுத் தள்ளி, இரு கல்தூண்கள் நிற்பதைக் காணலாம். அதுவே குமிழி எனப்படும் மதகு. அதன் அடியில் உள்ள தொட்டியில் இருவகைத் துளைகள் உண்டு. மேலே உள்ளது நீரோடித் துளை. கீழே உள்ளது சேறோடித் துளை. நீர் பாயும்போதே அடியில் படியும் வண்டலும் உடன் வெளியேறி வயலுக்கு உரமாகும். ஏரியும் தூர்ந்து போகாது; வயலும் வளம் பெறும். இதைத் திறக்க வேண்டுமாயின் ஒருவர் நீந்திச் சென்று மூழ்க வேண்டும். பெருமழைக் காலத்தில் அப்பணி உயிரைப் பணயம் வைப்பதாகும்.

அப்பணியைச் செய்தவர் நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி, மடைக்குடும்பன் எனப் பல பெயர்களால் அழைக்கப்பட்டார். பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட குடியைச் சேர்ந்தவர். யாருடைய வயலுக்கு எத்தனை நாழிகை நீர் என்பதை அவரே கணித்து விடுவார். நிலவுடைமையாளர் எவராயினும் தம் வயல் மடையைத் தாமே வெட்டிக்கொள்ளக் கூடாது என்பது பல ஊர்களில் கட்டுப்பாடு. நிலம் பெரிதாக உடையவரிடம் பங்கீட்டை ஒப்படைத்தால் நீர் எப்பக்கம் பாயும் என்பதை ஊரார் அறிந்தே இருந்தனர். அறுவடையின்போது களத்து நெல்லிலிருந்து அவருக்குப் பங்கு அளந்து தரப்பட்டது. அப்பங்கு அவர் உழைப்புக்கும் துணிவுக்கும் ஈடாக இருந்ததா என்றால், இல்லை என்பதே நேர்மையான விடை. நீர் பகிர்ந்தவருக்கு ஊருணியில் நீர் மொள்ளும் உரிமை பல ஊர்களில் மறுக்கப்பட்டிருந்தது. பழம்பெருமை பேசும்போது இதனை மறைத்தல் ஆகாது.

மன்னர்க்கு நீர்நிலையின் இன்றியமையாமையைச் சொன்ன புலவருள் முதன்மையானவர் குடபுலவியனார். பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு அவர் கூறிய அறிவுரை புறநானூற்றில் 18ஆம் பாடலாக உள்ளது. புகழ் வேண்டுமாயின் பள்ளமான இடங்களில் நீரைத் தேக்கு என்பதே அதன் சாரம். பல்லவர் காலத்தில் மகேந்திரவாடியிலும் கூரத்திலும் மன்னர் பெயராலேயே ஏரிகள் எழுந்தன. சோழன் முதலாம் பராந்தகன் காலத்து வீராணம் ஏரி இன்றும் நிறைகின்றது. 2004 முதல் சென்னை நகருக்கே குடிநீர் தருகின்றது. ஆயிரம் ஆண்டுக்கு முந்திய மண்கரை ஒன்று மாநகரின் தாகத்தைத் தணிப்பது வியப்பன்றோ!

ஆயினும் ஏரி வெட்டியோரைக் காட்டிலும் அதைக் காத்தோரே பெரியோர். அதற்குச் சான்று காஞ்சிபுரத்துக்கு அணித்தே உள்ள உத்திரமேரூர். அவ்வூர்க் கோயிற் சுவரில் கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பராந்தகனின் ஆணைப்படி ஊர்ச்சபை எடுத்த முடிவுகள் வெட்டப்பட்டுள்ளன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டுக் குடவோலை முறையில் உறுப்பினர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். சம்வத்சர வாரியத்துக்கும் தோட்ட வாரியத்துக்கும் பன்னிருவர். ஏரி வாரியத்துக்கு அறுவர். வேட்பாளர் கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும் சொந்த மனையில் வீடும் உடையவராய் இருத்தல் வேண்டும். 35 வயதுக்குக் குறைந்தவரும் 70 வயதுக்கு மேற்பட்டவரும் ஆகார். கடந்த மூன்றாண்டுக்குள் வாரியத்தில் இருந்தவர் மீண்டும் வரலாகாது. பதவிக்காலம் 360 நாள்.

இவை எல்லாவற்றுக்கும் மேலான விதி ஒன்று உண்டு. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் குடவோலையில் பெயர் எழுதப்படுதற்குத் தகுதியற்றவர். அவர் மட்டுமல்லர், அவருடைய நெருங்கிய உறவினர் அனைவரும் தகுதியற்றவர். இக்காலத்து நிருவாகக் குழுக்கள், கோயிற்குழுவாயினும் வேறெதுவாயினும், ஆண்டுக் கூட்டத்துக்கு முன் ஒருமுறை படித்துப் பார்க்கத் தக்க கல்வெட்டு அது. அச்சபை மறையவர்க்கு அளிக்கப்பட்ட ஊரின் சபை என்பதையும், வேதப் பயிற்சி இல்லாதார்க்கும் பெண்டிர்க்கும் அதில் இடமில்லை என்பதையும் உடன் நினைவிற்கொள்ளல் வேண்டும்.

ஏரிக்கும் கோயிலுக்கும் இருந்த தொடர்பு இன்று பெரிதும் மறக்கப்பட்டுவிட்டது. ஏரியைப் பழுது பார்ப்பதற்கென விடப்பட்ட நிலம் ஏரிப்பட்டி எனப்பட்டது. ஓடம் விட்டு வண்டல் அள்ளுவதற்கு அறக்கட்டளை வைத்தோர் உண்டு. விசயநகரப் பேரரசின் காலத்தில் திருப்பதி திருமலைத் தேவத்தானத்தில் நடந்தது இன்னும் குறிப்பிடத் தக்கது. அன்பர்கள் நைவேத்தியக் கட்டளைக்காக அளித்த பொன்னைக் கோயிலார் பெட்டியில் பூட்டி வைக்கவில்லை. கோயிலுக்குரிய சிற்றூர்களில் கால்வாய் வெட்டவும் ஏரி திருத்தவும் அதைச் செலவிட்டனர். நீர் வந்ததும் விளைச்சல் பெருகிற்று. பெருகிய விளைச்சலில் கோயிலுக்கு வந்த பங்கைக் கொண்டு கட்டளை தவறாமல் நடந்தது. அன்பர் பெயரில் அமுது படைக்கப்பட்டது. குடியானவன் அடுப்பும் எரிந்தது.

கோயிலும் ஏரியும் ஒன்றாய் நின்ற கதைகளுள் மக்கள் மனத்தில் நிலைத்தது மதுராந்தகத்துக் கதை. 1790களில் கும்பினியாரின் செங்கற்பட்டுச் சீமைக்குக் கலெக்டராய் இருந்தவர் லயனல் பிளேஸ் துரை. மதுராந்தகம் ஏரிக்கரை பெருமழையில் மீண்டும் மீண்டும் உடைந்து துன்புறுத்திற்று. இவ்வாண்டு கரை உடையாதிருந்தால் தாயாருக்குச் சன்னதி கட்டித் தருவதாக ஊர்ப் பெரியோரிடம் அவர் வாக்களித்தார் என்பர். அடைமழை பெய்த நள்ளிரவில் குடைபிடித்துக் கரைக்குச் சென்றவர், மின்னல் ஒளியில் வில்லேந்திய இளைஞர் இருவர் கரையைக் காத்து நிற்கக் கண்டாராம். கரை உடையவில்லை, சன்னதி எழுந்தது. கோதண்டராமர் அன்றுமுதல் 'ஏரி காத்த ராமர்' ஆனார். பிளேஸ் துரை ஏரிகளைப் பழுது பார்ப்பதில் மிகுந்த அக்கறை கொண்டவர் என்பது வரலாறு. மற்றது பக்தி. இரண்டுக்கும் பகையில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலைமை மாறிற்று. ஏரிப்பட்டிகளும் ஊர்ப்பொது வருவாய்களும் அரசின் வரிக்கணக்கில் கரைந்தன. முன்னர் ஊரார் ஆண்டுதோறும் கூடி, வீட்டுக்கு ஓர் ஆள் என வந்து, வண்டல் அள்ளிக் கரை உயர்த்திய வழக்கம் குடிமராமத்து எனப்பட்டது. வருவாய் போனபின் வழக்கமும் தளர்ந்தது. அரசு 1858இல் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்றை இயற்றி, வராதவர்க்குத் தண்டம் விதிக்கலாயிற்று. உரிமை இருந்தபோது தாமே வந்தவர்கள் தண்டத்துக்கு அஞ்சி வரவில்லை. கலெக்டர் கச்சேரியில் இருந்த ஏட்டுக்கும் கண்மாய்க் கரையில் இருந்த எலிவளைக்கும் இடையில் தூரம் மிகுந்துவிட்டது.

இங்கே ஒரு மறுப்பும் உண்டு. ஆங்கிலேய மானிடவியலார் டேவிட் மாஸ் இராமநாதபுரம், சிவகங்கைக் கண்மாய்களைப் பல்லாண்டு ஆராய்ந்து 2003இல் நூல் வெளியிட்டார். ஊரார் தம்முள் ஒற்றுமையாய் ஏரி காத்த பொற்காலம் என்பது ஓரளவு பிற்காலக் கற்பனை என்றும், சேதுபதி முதலிய ஆட்சியாளரின் அதிகாரமும் கொடையும் இல்லாமல் அவ்வொழுங்கு நின்றிராது என்றும் அவர் கருதினார். ஊர் ஒற்றுமையும் வேண்டும், மேலிருந்து ஒரு கையும் வேண்டும் என்று கொள்வதே பொருத்தமாகும். இரண்டும் ஒருசேரப் போனபோதுதான் கேடு வந்தது.

கேடு 1876இல் வந்தது. அவ்வாண்டும் மறு ஆண்டும் பருவமழை பொய்த்தது. தாது வருடப் பஞ்சம் என்று பாட்டிமார் சொல்லக் கேட்டது அதுவே. தென்னிந்தியாவிலும் மேற்கிந்தியாவிலுமாக 50 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மடிந்தனர் என மதிப்பிடுவர். பஞ்ச நிவாரண வேலைக்கு வந்தவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று சர் ரிச்சர்ட் டெம்பிள் என்னும் அதிகாரி கூலியைக் குறைத்தார். சென்னை மாகாணச் சுகாதார அதிகாரி கார்னிஷ் அதை எதிர்த்து எழுதினார். ஒரே அரசின் ஊழியர் இருவர். ஒருவர் கருவூலத்தைப் பார்த்தார், மற்றவர் எலும்பும் தோலுமான உடலைப் பார்த்தார்.

அப்பஞ்சத்துக்குப் பின்னரே பெரியாற்று அணைத் திட்டம் விரைவுபெற்றது. மேற்குமலையில் பிறந்து அரபிக்கடலில் கலக்கும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பி வைகையில் சேர்ப்பது அதன் நோக்கம். இவ்வெண்ணம் முதலில் உதித்தது இராமநாதபுரத்தில். சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை 1789இலேயே ஆள் அனுப்பி ஆராய்ந்தார். பொருள் இன்மையால் அது நின்றுபோயிற்று. நூறாண்டு கழித்துப் பொறியாளர் பென்னிகுயிக் 1887இல் பணி தொடங்கி, வெள்ளத்தோடும் காய்ச்சலோடும் போராடி, 1895இல் முடித்தார். மலையைக் குடைந்த சுரங்கம் ஒரு மைலுக்குச் சற்று மேல். கம்பம், தேனி, மதுரைப் பகுதிகள் செழித்தன. கனவு கண்ட இராமநாதபுரத்துக்கோ, வைகையின் கடைமடையில் இருந்தமையால், மிஞ்சியதே வந்தது. வைகை ஆறு கடலை நேரே சென்றடைவதில்லை. இராமநாதபுரம் பெரிய கண்மாயில் போய் நிற்கின்றது. பல ஆண்டுகளில் அதுவரையும் வருவதில்லை.

வறண்ட ஏரியின் கரையிலிருந்து கப்பலுக்கு நடந்தோர் பலர். நாகப்பட்டினத்தில் ஏறிப் பினாங்கில் இறங்கினர். கங்காணிமார் ஊருக்கே வந்து ஆள் சேர்த்தனர். 1907இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டபின் பயணச் செலவை அந்நிதி ஏற்றது. இந்திய அரசு 1938இல் தடைசெய்யும் வரை இது தொடர்ந்தது. வந்தவர் அனைவரையும் பஞ்சமே விரட்டிற்று என்று கூறுதல் மிகையாகும். கடனும் சாதிக்கொடுமையும் ஆசையும் உடன் இருந்தன. ஆனால் மழை பொய்த்த ஆண்டுகளில் கங்காணியின் சொல்லுக்குச் செவிசாய்த்தோர் மிகுதி.

இறங்கிய இடத்தில் எல்லாம் தலைகீழ். ஊரில் நீரைத் தேக்குவதற்கு மண் சுமந்த கைகள், கிள்ளானில் நீரை வடிப்பதற்கு மண் வெட்டின. 1901இல் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டபோது மலேரியாக் காய்ச்சல் அதையே மூடிவிடும் போலிருந்தது. அவ்வாண்டு கிள்ளானுக்கு வந்த அரசு மருத்துவர் மால்கம் வாட்சன், சதுப்பு நிலங்களை வடித்துக் கால்வாய் வெட்டினால் கொசு ஒழியும் என்று வாதாடி வென்றார். கிள்ளான் நகரிலும் துறைமுகத்திலும் காய்ச்சல் பெருமளவு தணிந்தது. பின்னர் அம்முறை தோட்டங்களுக்கும் பரவிற்று. வாட்சனின் பெயர் மருத்துவ வரலாற்றில் நிலைபெற்றது. தோட்டங்களில் அக்கால்வாய்களை வெட்டிய தமிழர் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை.

மழை மிகுந்த நாட்டில் நீரைப் பற்றிய நினைவு மெல்ல மங்கிற்று. 1881இல் தீயாலும் வெள்ளத்தாலும் அழிந்த கோலாலம்பூரைச் செங்கல்லால் கட்டியெழுப்பக் களிமண் தந்த இடம் பிரிக்பீல்ட்ஸ். நகருக்கு நீர் தரக் கிள்ளான் கேட்ஸ் அணை 1958இல் எழுந்தது. பின்னர் லங்காட், செமினி அணைகள் வந்தன. குழாயைத் திருகினால் நீர் வரும். அது எங்கிருந்து வருகின்றது என்று கேட்பார் இல்லை.

1998இல் கேட்க நேர்ந்தது. முந்திய ஆண்டு தொடங்கிய எல் நினோ வறட்சியால் அணைகளின் மட்டம் கீழிறங்கிற்று. கிள்ளான் பள்ளத்தாக்கில் மாதக்கணக்கில் நீர்ப்பங்கீடு நடந்தது. ஏறத்தாழ 18 இலட்சம் பேர் பாதிக்கப்பட்டனர். அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கீழே குடங்களும் வாளிகளும் வரிசை கட்டின. தண்ணீர் லோரி வரும் நேரத்தை அறிந்தவரே குடும்பத்தில் மதிப்புக்குரியவர் ஆனார். தொட்டியில் நீர் இருந்தும் பக்கத்து வீட்டாருக்குக் கொடுக்க மனமில்லாதவரும் இருந்தனர். தாம் குளிக்காமல் முதியோர்க்கு மாடிப்படி ஏறிச் சுமந்தவரும் இருந்தனர். அக்காலத்தில் நாட்டளவில் மூன்றில் ஒரு பங்கு அளவு நீர் குழாய்க் கசிவாலும் கணக்கில் வாராமையாலும் வீணாயிற்று என்பதை இங்கே சொல்லாமல் இருக்க இயலாது. கரையில் எலிவளை தென்பட்டால் அன்றே மண் வைத்து அடைப்பது நீர்பாய்ச்சியின் வேலை. மண்ணுக்கடியில் ஓடும் குழாய்க்கு அத்தகைய கண் வாய்க்கவில்லை.

2014இல் சிலாங்கூரில் மீண்டும் பங்கீடு வந்தது. பகாங் மாநிலத்து நீரைத் தித்திவங்சா மலைத்தொடரின் ஊடே கொணர்வதற்கான 44.6 கிலோமீட்டர்ச் சுரங்கம் அவ்வாண்டிலேதான் முடிவுற்றது. மலைக்கு அப்பாலுள்ள நீரை இப்பாலுள்ளோர்க்குத் திருப்பும் அதே எண்ணம். முத்திருளப்ப பிள்ளை ஆள் அனுப்பி 225 ஆண்டுகள் ஆகியிருந்தன.

தமிழ்நாட்டில் 2017இல் அரசு குடிமராமத்து என்னும் பழைய பெயரிலேயே ஏரி தூர்வாரும் திட்டத்தைத் தொடங்கிற்று. சில இடங்களில் ஊரார் முன்நின்றனர். சில இடங்களில் ஒப்பந்தக்காரர் முன்நின்றனர். கண்மாய்களின் உள்ளே சீமைக்கருவேலம் அடர்ந்து கிடப்பது இராமநாதபுரத்தில் இன்றும் கண்கூடு. குழாய்நீர் எட்டிய பின்பும் சில ஊர்களில் ஊருணித் தண்ணீரையே சமைக்கவும் குடிக்கவும் விரும்புகின்றனர். பருப்பு வேகும் பதம் அதில்தான் வாய்க்கும் என்பது அவ்வூர்ப் பெண்டிர் கூற்று. அத்தகைய ஊருணிகளில் எவரும் குளிப்பதில்லை, ஆடுமாடுகளை இறக்குவதில்லை. படிக்கட்டில் கால் வைக்குமுன் செருப்பைக் கரையிலேயே கழற்றிவிடுகின்றனர்.